வில்லங்கத்தில் ஏறாத தண்ணீர்

1

மகள் வாங்க நினைத்த வீட்டின் வாசலிலிருந்து கடல் மணல் தொடங்கும் இடம் வரை அறுநூற்று நாற்பது தப்படி. போகும்போது எண்ணியது அது. திரும்பி வரும்போது அறுநூற்று ஐம்பத்திரண்டு வந்தது. மூட்டு வலியில் தப்படி சுருங்கியிருக்கும். சராசரி எடுத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

நானும் என் மனைவி சரோஜாவும் கடலூரை விட்டு அமெரிக்காவுக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்த அதே வாரத்தில்தான் அருணா அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அருணா எங்கள் ஒரே மகள். இருபது வருடமாக இங்கே இருக்கிறாள். ஃப்ளோரிடாவில் வளைகுடாக் கடலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. இத்தனை நாள் வாடகை வீடு. வருடா வருடம் வாடகை ஏறுகிறது, ஆகவே சொந்த வீடு. அதில் எனக்கு மறுப்பில்லை. கடலோரம் என்றதும்தான் தப்படி எண்ணக் கிளம்பினேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கடலூரில் தேவனாம்பட்டினம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்களுக்கு மொட்டைமாடியோடு ஒற்றைத்தள வீடு ஒன்று உண்டு. அதை விற்று, வரும் பணத்தை அருணாவின் முன்பணத்தில் சேர்ப்பது என்று ஏற்பாடு. சரோஜாவின் தம்பி சேகர் ஊரில் இருந்து அதைக் கவனித்துக்கொண்டான். நெல்லிக்குப்பத்திலிருந்து ராஜவேல் என்ற சர்க்கரை ஆலை ஊழியர், ஓய்வு பெறப்போகிறவர், வந்து பார்த்துப் பிடித்துப்போய் முன்பணமும் கொடுத்துவிட்டார். அவர் பத்திரம் பதிந்தால்தான் இங்கே அருணா கையெழுத்துப் போட முடியும். ஒரு கையால் விற்று மறு கையால் வாங்கும் வேலை. எழுபத்தாறு வயதில் இந்த வேலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

2

இந்த நாட்டில் கடலோரம் வீடு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு வரைபடம். அரசாங்கமே போட்டு இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டு முகவரியைத் தட்டினால் அது எந்த வெள்ள மண்டலத்தில் இருக்கிறது என்று வந்துவிடும். ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஓர் எழுத்து. வி என்று தொடங்கினால் கடல் அலையே வந்து மோதும் இடம். ஏ என்று தொடங்கினால் தண்ணீர் ஏறும் இடம். எக்ஸ் என்றால் அபாயம் குறைவு. ஏ, வி இரண்டிலும் வங்கிக் கடன் வேண்டுமானால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். எக்ஸில் கட்டாயமில்லை.

சாதாரண வீட்டுக் காப்பீடு வேறு, வெள்ளக் காப்பீடு வேறு என்பது எனக்கு முதலில் புரியவில்லை. காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போனால் ஒரு பாலிசி. தண்ணீர் தரையில் ஊர்ந்து உள்ளே வந்தால் அந்த பாலிசி வாயைத் திறக்காது. அதற்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும். அரசாங்கத் திட்டத்தில் அது உயிர்பெற முப்பது நாள் ஆகும். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். டிவியில் புயல் சின்னத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் எடுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் நினைத்தேன்.

அடுத்தது நூறாண்டு வெள்ளம் என்கிற பேச்சு. நூறு வருடத்துக்கு ஒரு முறை வரும், நம் காலத்தில் வராது என்று மாப்பிள்ளை சொன்னார். அது அப்படியில்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் பொருள். போன வருடம் வந்துவிட்டதே என்று இந்த வருடம் அது விடுப்பு எடுத்துக்கொள்ளாது. கடன் முப்பது வருடம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பதை முப்பது தடவை பெருக்கிப் பார்த்தேன். முப்பது வருடத்தில் ஒரு தடவையாவது தண்ணீர் வர நூற்றுக்கு இருபத்தாறு வாய்ப்பு. நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். இது ஏ மண்டலத்தின் ஓரத்தில் இருக்கும் வீட்டுக்கான கணக்கு. கடல் பக்கம் போகப் போக இன்னும் கூடும்.

அருணா பார்த்த வீடு எக்ஸில் இருந்தது. ஏ மண்டலத்தின் கோடு இரண்டு தெரு தள்ளி நின்றது.

"அப்புறம் என்னப்பா? எக்ஸ்தான். கட்டாயமே இல்ல" என்றாள்.

"கோடு போட்டவன் தண்ணிகிட்ட சொன்னானா, இதோட நில்லுன்னு?"

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

மாப்பிள்ளை கோயம்புத்தூர்ப் பக்கம். கடலையும் பார்க்காமல் வெள்ளத்தையும் பார்க்காமல் வளர்ந்த மனிதர். சும்மா பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டார். "ஏனுங் மாமா, உங்க கடலூர் வீடு எந்த மண்டலத்துல வரும்?"

"நம்ம ஊர்ல வீடு வாங்க எழுத்து எதுவும் பாக்க மாட்டாங்க மாப்ள" என்றேன்.

"அப்ப வாங்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

சரோஜா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குறிப்பேட்டை மூடினேன்.

3

ஊரில் வீடு வாங்குகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார்கள். பட்டா, மூலப்பத்திரம், வாசல் எந்தத் திசை, தெருக்குத்து உண்டா, போர் தண்ணீர் உப்பா. எங்கள் வீட்டின் வில்லங்கம் துல்லியமானது. அடமானம் வைத்ததும் மீட்டதும் தேதியோடு இருக்கும். தண்ணீர் வந்தது வில்லங்கத்தில் ஏறாது. அதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

எங்கள் வீட்டுக்குள் இரண்டு தடவை தண்ணீர் வந்தது.

நான் சிதம்பரத்தில் தாலுகா அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்தவன். பின்கட்டில் கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி இருந்தது. தினம் காலையில் அதில் சேர்ந்த மழையை அளந்து பதிவேட்டில் ஏற்றி மாவட்டத்துக்குச் சொல்வது என் பொறுப்பு. இருபத்திரண்டு வருடம் செய்தேன். ஒரு நாள் விட்டதில்லை. கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய்விடுவேன். மழை வலுத்தால் அங்கேயே தங்கிவிடுவேன், காலை அளவு தப்பக் கூடாது என்பதற்காக.

முதல் தடவை கெடிலம் ஆறு கரை மீறி வந்தபோது அப்படித்தான் அங்கே தங்கிவிட்டேன். புதுச்சத்திரம் பக்கம் சாலை மேல் தண்ணீர், பஸ் இல்லை. அருணா கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டில் சரோஜா மட்டும். நான் திரும்பி வந்தபோது தண்ணீர் வடிந்து, சுவரில் ஒரு கோடு மட்டும் இருந்தது. டேப் வைத்து அளந்தேன். பதினான்கு அங்குலம்.

இரண்டாம் தடவை பத்து வருடத்துக்கு முந்தைய பெருமழை. எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓய்வு பெற்றுவிட்ட நான் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்காகச் சிதம்பரம் போயிருந்தேன். மறுபடியும் சாலை அறுந்தது. மறுபடியும் சரோஜா தனியாக. மறுபடியும் நான் வந்து பார்த்தது கோட்டைத்தான். முப்பத்தெட்டு அங்குலம்.

"தண்ணி வந்தாலும் சரி, விருந்தாளி வந்தாலும் சரி, இவரு சிதம்பரத்துலதான் இருப்பாரு" என்று சரோஜா இன்றைக்கும் யார் வந்தாலும் சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அருணாவிடம் ஃபோனில் கணுக்கால் அளவு தண்ணீர் என்று சொல்லி வைத்தோம். தூரத்தில் இருக்கும் பிள்ளை எதற்குப் பயப்பட வேண்டும் என்று. அந்த வருடம் ஸ்கூட்டருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. போலீஸ் மறித்தால் கேட்பார்களே. வீட்டுக்கு இல்லை. ஊரிலும் வெள்ளத்துக்குச் சேர்த்து வீட்டுக் காப்பீடு தருகிறார்கள், தொகையும் ஸ்கூட்டருக்குக் கட்டுவதைவிடப் பெரிதாக இல்லை என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். படிக்கிறவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

முதல் வெள்ளத்துக்குப் பிறகு சரோஜா இரண்டு காரியம் செய்தாள். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் மூன்றையும் செங்கல் மேல் ஏற்றினாள். தரையை ஒட்டி இருந்த ப்ளக் பாயிண்டுகளை எல்லாம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நெஞ்சு உயரத்துக்கு மாற்றினாள். எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். விடுமுறைக்கு வந்த அருணா கேட்டபோது செங்கல் கரையானுக்கு, ப்ளக் குனியாமல் இருக்க என்று சொல்லிவிட்டோம்.

4

சனிக்கிழமை காலை எல்லோரும் வீட்டைப் பார்க்கப் போனோம். வீடு விற்றுத் தரும் பெண்மணி சிரித்த முகம். கதவைத் திறக்கும்போதே பெயின்ட் வாசனை. அருணாவும் மாப்பிள்ளையும் சமையலறையில் அலமாரிகளை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். எனக்கு அது தெரியாது. நான் சன்னல்களை எண்ணினேன், பிறகு படிகளை. பிறகு ப்ளக் பாயிண்டுகளை.

கீழே பதினான்கு. பதினான்கும் நெஞ்சு உயரத்தில்.

இந்த நாட்டில் ப்ளக் எங்கே இருக்கும் என்று ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கும். ஃபோனைச் சொருக ஒவ்வொரு முறையும் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டும். மாடிக்கு ஏறிப் பார்த்தேன். மேலே பதினொன்று. பதினொன்றும் கணுக்காலுக்கு மேலே, வழக்கமான இடத்தில்.

கீழே வந்து அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். என் ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம். கேள்வி நீளமாகப் போயிற்று. அருணா சுருக்கிச் சொன்னாள்.

"வயதானவர்கள் குனியத் தேவையில்லை பாருங்கள்" என்று அந்தப் பெண்மணி என் தோளைத் தொட்டுச் சொன்னாள். "உங்களுக்காகவே செய்ததுபோல் இருக்கிறது."

அருணாவுக்குச் சந்தோஷம். "பாத்தீங்களாப்பா?"

"மாடியிலதானே படுக்கை அறை எல்லாம் இருக்கு? அங்க வயசானவங்க குனிவாங்களாமா?"

சரோஜா ப்ளக்கைப் பார்த்தாள். விரலால் சுவரைத் தடவிக்கொண்டே கீழே தரைவரைக்கும் போனாள். நிமிர்ந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "வந்திருக்குது."

காரில் ஏறியதும் அருணா, "எப்ப பாத்தாலும் உங்களுக்கு எதுலயாவது ஒண்ணு குத்தம் கண்டுபிடிக்கணும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எட்டு வீடு பார்த்து, ஒன்பதாவதாகப் பிடித்த வீடு. மாப்பிள்ளை வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பின் இருக்கையில் உட்கார்ந்து நான் விளக்கினேன். இந்த மாநிலத்தில் விற்பவர் தமக்குத் தெரிந்த வெள்ளச் சேதத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தத் தாளைக் கேள். முன்பு காப்பீட்டில் இழப்பீடு வாங்கிய விவரத்தை வீட்டுக்காரர் கேட்டு எடுத்துக் கொடுக்கலாம், அதையும் கேள். தரைமட்டம் எத்தனை அடி உயரம் என்று அளந்து தரும் சான்று உண்டா என்று கேள். எக்ஸ் என்றாலும் வெள்ளக் காப்பீடு எடுத்தால் எவ்வளவு என்று கேள்.

"நாலு கேள்வி" என்று விரல் மடக்கினேன். "கேட்டா கோவிச்சுக்கறவங்ககிட்ட வாங்காத."

5

அடுத்த நாள் காலை சேகர் கூப்பிட்டான். ஊரில் மாலை. குரலில் உற்சாகம்.

"மாமா, நாளைக்கி ராஜவேல் சம்சாரத்தக் கூட்டிக்கினு வர்றாரு. உள்ள ஃபுல்லா பெயின்ட் அடிச்சிட்டேன். செங்கல் எல்லாம் எடுத்துக் கொல்லையில போட்டுட்டேன். வூடு பளபளன்னு கெடக்குது."

"கோடு?"

"எந்தக் கோடு? ரெண்டு கோட்டிங் மாமா. ஒரு கோடும் தெரியாது."

"ப்ளக்கு?"

"அத எப்பிடி எறக்கறது, செவுத்த ஒடைக்கணும். போன தடவ அந்த மனுசன் கேட்டாரு, ஏன் சார் இவ்ளோ மேல இருக்குதுன்னு. கொழந்தைங்க கை வெக்காம இருக்கறதுக்குன்னு சொல்லிட்டேன்." சிரித்தான். "பேரப்புள்ளைங்க இருக்குதாம், நல்லதாப் போச்சின்னாரு."

நான் குறிப்பேட்டைத் திறந்து பதினான்கும் முப்பத்தெட்டும் எழுதிய பக்கத்தைத் தேடினேன்.

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அவுரு நம்பரக் குடு."

"எதுக்கு?"

"தண்ணி வந்ததச் சொல்லணும்."

"என்னா மாமா பேசறீங்க?" அவன் குரல் ஏறியது. "அந்தத் தெருவுல யாரு சொல்லி வித்தாங்க? நீங்க வாங்கறப்ப ஒங்களுக்கு எவன் சொன்னான்? நாலு மாசமா லோலோன்னு அலைஞ்சி ஒரு ஆளப் புடிச்சிருக்கேன். அவன் வேணாம்னுட்டா அருணாவுக்கு என்னா பண்ணுவீங்க? பென்ஷன்ல வூடு வாங்கித் தருவீங்களா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. எனக்கு விற்றவரும் சொல்லவில்லைதான். ஹாலுக்கு அன்றைக்குப் புதுப் பச்சை பெயின்ட். நான் முப்பது வருட வில்லங்கத்தை வரி வரியாகப் படித்துவிட்டு, திருவந்திபுரத்தில் அர்ச்சனை செய்துவிட்டுப் பத்திரம் பதிந்தவன்.

அருணா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "செங்கல் கரையானுக்குன்னீங்களேப்பா?" என்றாள்.

சரோஜாதான் பதில் சொன்னாள். "பீரோ நனையாம இருக்க."

"கணுக்கால் அளவுன்னீங்க."

"ஒனக்குச் சொன்னது கணுக்கால்" என்றாள் சரோஜா. தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள். "எனக்கு வந்தது இது."

அருணா அம்மாவின் கை இருந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் ஃபோனைத் துடைத்து என் முன்னால் தள்ளி வைத்தாள். "மாமா, நம்பரச் சொல்லுங்க" என்று சேகரிடம் கேட்டாள். "நானே போட்டுத் தரேன்."

6

ராஜவேல் எங்கள் கடலூர் வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரமாகப் பார்த்து மறுநாள் கூப்பிட்டோம். சேகரும் பக்கத்தில் இருந்திருக்கிறான். கதவைப் படீரென்று சாத்தும் சத்தம் கேட்டது.

"ராஜவேல் சார், ப்ளக் மேல இருக்கறது கொழந்தைங்களுக்காக இல்ல" என்று தொடங்கினேன். முதல் தடவை பதினான்கு அங்குலம், இரண்டாம் தடவை முப்பத்தெட்டு, எங்கள் வீட்டு பேஸ்மட்டம் தெருவைவிட இப்போது ஒன்பது அங்குலம்தான் உயரம், ரோடு போடப்போட அது குறைகிறது என்று வரிசையாகச் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். முன்பணம் திரும்ப வேண்டுமானால் முழுதும் தருகிறேன் என்றேன்.

பிறகு ராஜவேல் சொன்னார். "எங்க நெல்லிக்குப்பத்துல கரும்புக்குத் தண்ணி கட்டுவோம் சார். வூட்டுக்குள்ள தண்ணிய நாங்க பாத்ததில்ல." தொண்டையைச் செருமினார். "அங்குலம்னா எனக்குப் புரியல. இருங்க, வூட்டுக்காரி என்னமோ கேக்குது."

ஒரு பெண்ணின் குரல். செல்வி என்று பிறகு தெரிந்துகொண்டோம். "சார், தண்ணி எத்தினி நாளு நின்னுச்சி?"

நான் தாளைப் பார்த்தேன். தாளில் அது இல்லை. எடுத்து எழுதாமல் விட்டது என்று நினைத்துக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அதிலும் இல்லை.

சரோஜா என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"மொத தடவ ரெண்டு நாளும்மா. ரெண்டாந் தடவ அஞ்சு நாளு. மொட்டமாடியில இருந்தேன், எதுத்த வூட்டு டீச்சரம்மாவும் நானும். அரிசி இருந்துது. குடிக்கத்தான் தண்ணி இல்ல. சுத்தித் தண்ணி, குடிக்கத் தண்ணி இல்ல."

"அய்யோ. தனியாவாம்மா?"

"அவுரு சிதம்பரத்துல இருந்தாரு." இம்முறை அவள் சிரிக்கவில்லை. "கேட்டுக்கோ. தண்ணி வாசல் வழியா வராது. மொதல்ல பாத்ரூம் ஓட்டையிலருந்து வரும், கொளகொளன்னு சத்தம் போட்டுக்கினு. அது கேட்டுச்சின்னா ஒனக்கு அஞ்சாறு மணி நேரம் இருக்குது. மொதல்ல கேஸ் சிலிண்டர மேல ஏத்திடு. இல்லன்னா மெதக்கும். நான் பாத்திரம் பண்டம்லாம் ஏத்திட்டு அத மறந்துட்டேன். ராத்திரி பூரா செவுத்துல முட்டிக்கினே கெடந்துச்சி."

"மாடிப்படி உள்ளயா வெளியவா?"

"வெளிய. அது ஒண்ணுதான் தப்பு. கடைசியா ஏர்றப்போ இடுப்புத் தண்ணியில எறங்கித்தான் போவணும். நீ வாங்கறதா இருந்தா உள்ள ஒண்ணு போட்டுக்கோ. மேல ஒரு ரூம்பு, ஒரு பாத்ரூமு. அப்ப பயம் ஜாஸ்தி இல்ல."

இருவரும் இருபத்தேழு நிமிடம் பேசினார்கள். பாம்பு வந்ததா, சேறு எப்படிக் கழுவினீர்கள், கரண்ட் எப்போது வந்தது, நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் எத்தனை. ராஜவேலும் நானும் இரண்டு பக்கத்திலும் சும்மா இருந்தோம். அருணா எதிரில் உட்கார்ந்து அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

ராஜவேல் மூன்று நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார். வாங்கிக்கொள்கிறார்கள். உள்ளே படியும் மேலே ஒரு அறையும் கட்ட ஆகும் செலவை விலையில் குறைத்துக்கொள்ள வேண்டும். கொத்தனாரை வைத்து விலை போட்டு அந்தத் தாளையும் அனுப்பியிருந்தார். கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. சேகர் என்னோடு இன்னும் பேசவில்லை. அக்காவிடம் பேசுகிறான்.

இங்கே அருணா அந்த நான்கு கேள்வியையும் கேட்டாள். விற்பவர் தமக்கு எதுவும் தெரியாது, ப்ளக்கை மாற்றியது தமக்கு முந்தைய உரிமையாளர் என்று எழுதிக் கொடுத்தார். அது உண்மையாகவும் இருக்கலாம். இழப்பீட்டு விவரம் வந்தது. அந்த வீட்டுக்கு இரண்டு தடவை வாங்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டைப் போலவே இரண்டு. அருணா அதை விட்டுவிட்டாள். இப்போது உள்ளே தள்ளி, மேட்டில் ஒரு சின்ன வீட்டைப் பார்த்திருக்கிறோம். குறைந்துபோன பணத்துக்கு அதுதான் கிடைக்கும். இதுவும் எக்ஸ்தான். கடலுக்கு எத்தனை தப்படி என்று எண்ண முடியாது, காரில்தான் போக வேண்டும். கட்டாயமில்லாத வெள்ளக் காப்பீட்டையும் சேர்த்தே எடுப்பதாக மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

செல்வியோடு ஃபோன் பேசிய அன்றைக்கு, பேசி முடித்ததும் சரோஜா காய் நறுக்கப் போய்விட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அஞ்சு நாளா?"

"ம்."

"சொல்லவே இல்ல."

"நீங்க கேக்கவே இல்லியே" என்றாள்.

அந்த ஐந்து நாளும் நான் சிதம்பரத்தில் நண்பர் வீட்டிலிருந்து தினம் காலையில் குடையோடு பழைய அலுவலகத்துக்கு நடந்து போனேன். வேலிக்கு வெளியே நின்று, புதுப் பையனிடம் மழை அளவைக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஐந்து நாளுக்கும் என்னிடம் இருக்கிறது, மில்லிமீட்டரில்.